முத்துக்கட்டு

மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போன காலத்தில் நடந்தது இது. ஒரே நாளில் தோற்றுவிடவில்லை. முதலில் நோய் மாத்திரைக்குக் கேட்காமல் போனது, அப்புறம் ஊசிக்கு, அப்புறம் நரம்பில் சொட்டுச் சொட்டாக இறக்குகிற மருந்துக்கும். கிருமிகள் எல்லாவற்றையும் தின்று பழகிவிட்டன. காலில் ஆணி குத்திய மனிதருக்குப் பத்தாம் நாள் கால் போயிற்று, இருபதாம் நாள் ஆளே போனார்.

அந்த நேரத்தில்தான் வைத்தியர்களுக்குப் புழுவின் ஞாபகம் வந்தது. கவனிப்பாரில்லாத புண்ணில் ஈ மொய்த்து முட்டையிட்டு நெளியுமே, அதே புழுதான். அதை ஆய்வுக்கூடத்தில் சுத்தமாக வளர்த்து, குணத்தைக் கொஞ்சம் மாற்றி, சல்லாத்துணிப் பையில் இட்டுப் புண்ணின்மேல் கட்டினார்கள். செத்த சதையைத் தின்றது. சீழைக் குடித்தது. அதன் எச்சில் பட்ட இடத்தில் கிருமி செத்தது. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால் புண் சிவந்து தளிர்த்திருக்கும்.

பேரில்தான் சங்கடம். புழு என்று சொன்னால் படுத்திருக்கிற நோயாளி எழுந்து ஓடுவார். மேலிடத்தில் உட்கார்ந்து யோசித்து ‘முத்துக்கட்டு’ என்று பேர் வைத்தார்கள். அம்மை போட்டாலும் ‘முத்து போட்டிருக்கு’ என்று மரியாதையாகச் சொல்லிப் பழகிய சனம் அல்லவா, பேர் சட்டென்று ஒட்டிக்கொண்டது. தூத்துக்குடியில் கேட்கவே வேண்டாம். ‘முத்து வச்சாச்சா?’ என்று காய்கறி வாங்குகிற இடத்தில் விசாரித்துக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பத்துக்கு மட்டும் அது புழுவாகவே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. “அன்னக்கனிங்கிறவங்க உங்க கூடப் பொறந்தவங்களா?” என்று ஒரு பெண் குரல் கேட்டது.

“ஆமா” என்று சொல்வதற்குப் புஷ்பத்துக்கு நேரம் பிடித்தது. பதினோரு வருசமாக இருவருக்கும் பேச்சே இல்லை. இத்தனைக்கும் ஒரே தெரு. நடுவில் இரண்டு வீடுகள்தான். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அக்காவின் குடத்துக்குப் பக்கத்தில் தன் குடத்தை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்து நின்றிருக்கிறாள். இரண்டு மாதமாக அக்கா கால் இழுத்து நடப்பதையும் பார்த்தாள். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்குப் பாதத்தில் வெடிப்பும் புண்ணும் புதிதல்ல. ஆனால் அந்தக் காலில் துணி சுற்றியிருப்பதைப் பார்த்த அன்று, புஷ்பம் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வலது கால். ஐயோ, அதே கால்தானா என்று கேட்டால், எந்தக் கால் என்று சொன்னோம் என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லை. கால் என்றுதான் சொல்லியிருந்தாள்.

என்ன சொன்னாள் என்பதைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

புஷ்பத்தின் புருசன் சின்ன வயசிலேயே போய்விட்டான். ஒரே மகள் சுகிர்தா. அன்னக்கனிக்குப் பிள்ளை இல்லை, புருசனும் நிலைக்கவில்லை. இரண்டு பெண்களும் அளத்துக்குப் போய் உப்பு வாரி, அந்த ஒரு பிள்ளையை வளர்த்தார்கள். அது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எந்த வீட்டில் நுழையும் என்று அதற்கே தெரியாது. அந்தப் பிள்ளை படித்து, கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையில் வேலைக்குப் போய், அங்கே ஒரு பையனை விரும்பியது. புஷ்பம் வேறு இடத்தில் பேசி, பூ வைக்க நாளும் குறித்துவிட்டாள். பிள்ளை அழுத அழுகையை அவள் கேட்கவில்லை. பெரியம்மா அன்னக்கனி கேட்டாள். ஒரு காலையில் சுகிர்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பதிவு ஆபீசுக்கு நடந்தே போய், சாட்சிக் கையெழுத்தைப் போட்டு, மாலையும் கழுத்துமாக இருவரையும் ரயில் ஏற்றிவிட்டு, நேராகத் தங்கை வீட்டு வாசலுக்கு வந்தாள். ஒளிக்கத் தெரியாதவள். “நான்தான் செஞ்சு வச்சேன்ட்டி” என்றாள்.

புஷ்பம் குனிந்து வாசல் மண்ணை இரண்டு கையாலும் வாரினாள்.

“எம் மவள நடத்திக் கூட்டிட்டுப் போன காலு புழுத்துப் போவும்ட்டி! புழு வச்சி, நெளிய நெளியக் கெடந்து சாவ!”

மண் அக்காவின் சேலையில் விழுந்தது. தெருவே கேட்டது. அன்னக்கனி சேலையைத் தட்டக்கூட இல்லை. திரும்பி நடந்தாள்.

சுகிர்தா நன்றாகத்தான் இருந்தாள். இப்போது மஸ்கட்டில். மூன்றாம் வருசமே அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள். மருமகன் தங்கமான பையன் என்பதும் புஷ்பத்துக்கு எப்போதோ தெரிந்துபோனது. மகளோடு சேர்ந்தாயிற்று, மருமகனோடு சேர்ந்தாயிற்று, அக்காவிடம் மட்டும் போக முடியவில்லை. கோபம் கரைந்து பல காலம். வெட்கம்தான் மிச்சம். மண்ணை வாரித் தூற்றிய கையை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது?

ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அந்த வார்டில் எல்லாக் கட்டிலுக்கும் கொசுவலை மாதிரி ஒன்று தொங்கியது. அன்னக்கனி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. கையில் ஒரு அட்டை விசிறி. அதை ஓயாமல் காலின் பக்கம் ஆட்டிக்கொண்டிருந்தாள். வலைக்குள் ஈ வர வழியில்லை, ஆனாலும் ஆட்டினாள்.

தங்கையைப் பார்த்ததும் விசிறி நின்றது.

“வந்துட்டியாட்டி” என்றாள், நேற்றுப் பேசி நிறுத்திய பேச்சைத் தொடர்கிறவள் மாதிரி. “சாப்ட்டியா?”

புஷ்பம் கட்டிலருகே வந்து நின்றாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

“பொய் சொல்லுதா பாருங்க” என்று அக்கா பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். “சின்னப் புள்ளையிலருந்தே இப்படித்தான். வயித்துல ஒண்ணும் இருக்காது, தலை மட்டும் ஆடும்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் வியாகுலம்மாள். தெரேஸ்புரம் கடற்கரையில் மீன் விற்கிறவள். கணுக்காலில் முத்துக்கட்டோடு சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தூக்குச்சட்டியிலிருந்து இரண்டு இட்லியை எடுத்துப் புஷ்பத்தின் கையில் திணித்தாள். “தின்னு மவளே. அழுவுறதுக்கும் தெம்பு வேணும்லா.”

வார்டு நர்ஸ் பெனிட்டா சிஸ்டர் புஷ்பத்தை வெளியே கூட்டிக்கொண்டு போய் விவரம் சொன்னாள். வயசு முப்பது இருக்கும், பொறுமையான பெண்.

“முத்துக்கட்டு சீக்கிரம் வச்சாக் கால் தப்பும்க்கா. உயிரும் தப்பும். ஆனா உங்க ரத்தம் கொஞ்சம் வேணும்.”

“எதுக்கு?”

“இது சும்மா வயக்காட்டுப் புழு இல்ல. அதுல சில சாதி உயிருள்ள சதையையும் சேத்துத் தின்னுரும். உங்க அக்கா மாதிரி சுகர்காரங்க கால்ல செத்ததும் உயிருள்ளதும் பின்னிக் கெடக்கும், அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. அதான் முட்டையிலருந்து வந்ததும் இதுக்கு ரெண்டு நாள் சொந்தக்காரங்க ரத்தத்தக் குடுத்து வளக்கோம். அந்த ருசியில இது பழகிக்கும். இது உயிரு, தொடக்கூடாதுன்னு. மத்ததை எல்லாம் தின்னுட்டு அந்த ருசி வந்ததும் நின்னுரும்.”

“அவ ரத்தத்தையே குடுக்கலாம்லா?”

“அவங்க ரத்தத்துல கிருமி ஏற ஆரம்பிச்சிட்டு. அதைக் குடிச்சா முத்தே செத்துரும். பெத்த பிள்ளை, இல்லன்னா கூடப் பொறந்தவங்க. அவங்களுக்கு உங்களைத் தவிர யாரு இருக்கா?”

நான் சொன்ன புழு. என் ரத்தத்தைக் குடித்து வளரப்போகிறது. இதுதான் புஷ்பத்துக்கு முதலில் தோன்றியது. அப்புறம் வேறொரு நினைப்பும் வந்தது. வாயால் கொடுத்ததைக் கையால் வாங்கிக்கொள்ள இப்படி ஒரு வழியைக் கடவுள் காட்டுகிறாரோ? கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது அவள் கண்ணை மூடவில்லை.

அன்று மதியம் கட்டிலின் தலைமாட்டில் இருந்த பெட்டி பேசியது. அது சம்மதப் பெட்டி. ஆரம்பத்தில் சில ஊர்களில் இல்லாதப்பட்டவர்களைக் கேட்காமலே கட்டிவிட்டு, பெரிய கலவரமாகி, அதன் பிறகு வந்த சட்டம். நோயாளி தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்டால் பயந்து தலையாட்டுவார்கள் என்று பெட்டியைக் கேட்க வைத்தார்கள்.

“அன்னக்கனி அவர்களே, முத்துக்கட்டு சிகிச்சையைத் தாங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?”

“தாங்கள் தாங்கள்ங்குது” என்றாள் வியாகுலம்மாள். “தாங்கலன்னுதான ஆசுபத்திரிக்கே வந்திருக்கு!”

அன்னக்கனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “வேண்டாம்யா” என்றாள் பெட்டியிடம்.

“மறுத்ததாகப் பதிவு செய்துகொள்கிறேன். மாலையில் மீண்டும் கேட்கிறேன். நன்றி.”

“நன்றியாம்ல” என்றாள் வியாகுலம்மாள். பிறகு அன்னக்கனி பக்கம் திரும்பி, “ஏன் தாயி வேண்டாங்க? பயப்படாத. எனக்கு வச்சு ரெண்டு நாளாவுது. குறுகுறுன்னு காலுக்குள்ள கதை சொல்லிக்கிட்டே கெடக்கு. எங்க வீட்டுக்காரர் உசுரோட இருந்தவரைக்கும் இம்புட்டு எங்கிட்டப் பேசினதில்ல. எம் மவன் ரத்தத்துல வளத்தது. அவன் குடிகாரப் பய. அதான் எல்லாம் தள்ளாடித் தள்ளாடித் திங்குது.”

வார்டே சிரித்தது. அன்னக்கனியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனால் மாலையில் பெட்டி கேட்டபோதும் வேண்டாம் என்றாள். மறுநாள் காலையிலும்.

செவ்வாய்க்கிழமை, புஷ்பம் வெந்நீர் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, அக்கா பெனிட்டாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அழுத்தமாக.

“வேற எது வேணும்னாலும் செய்யுங்கம்மா. காலை வெட்டுங்க. இவ ரத்தம் குடிச்ச புழு எங் கால்ல ஏறக் கூடாது.”

“வெட்டினா நிக்காதும்மா, வெட்டுன எடத்துலயும் கிருமி ஏறிரும். உங்க தங்கச்சி ஆசையாக் குடுத்திருக்காங்க...”

“தெரியும். அதான் வேண்டாங்கேன்.”

வெந்நீர் புஷ்பத்தின் கையில் தளும்பிச் சுட்டது. உறைக்கவில்லை. சாகப்போகிற நேரத்திலும் அக்கா மன்னிக்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வாள்? மன்னிக்கிற மாதிரியா சொன்னோம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். சாப்பிட்டாயா, தலையில் எண்ணெய் வைத்தாயா, பின்னலை ஏன் இப்படிப் போட்டிருக்கிறாய் என்று அக்கா எல்லாம் கேட்கிறாள். உள்ளே அந்த ஒன்று மட்டும் கல்லாகக் கிடக்கிறது.

புதன்கிழமை காலை பெனிட்டா ஒரு கண்ணாடித் தட்டைக் கொண்டுவந்து நடையில் வைத்துக் காட்டினாள். அரிசிமணி அரிசிமணியாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருந்தன. வெள்ளை உடம்புக்குள் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு.

“அந்தச் சிவப்பு நீங்கதான்” என்றாள் பெனிட்டா. “தயாராயிட்டு. அக்கா ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் இதுக்கு இந்தப் பருவம். அதுக்கு மேல கூடு கட்ட ஆரம்பிச்சிரும், திங்காது. புதுசா வளக்கணும்னா ரெண்டு நாள் வேணும். ரெண்டு நாள் அவங்களுக்கு இல்லக்கா.”

புஷ்பம் கட்டிலுக்குப் போய் அக்காவின் கையைப் பிடித்தாள். பதினோரு வருசத்தில் முதல் தடவை. உப்பில் காய்த்துப்போன கை, காய்ச்சலில் கொதித்தது.

“யக்கா. அன்னைக்கு நான் வாசல்ல வச்சு...”

“என்ன வாசல்?”

“மண்ண வாரி... ஒன் கால...”

“என்ன சொன்ன? ஒண்ணும் சொல்லலியே” என்றாள் அன்னக்கனி. முகம் மாறவே இல்லை. “நீ எப்ப என்னச் சொன்ன? காய்ச்சல் எனக்கா ஒனக்காட்டி?”

“அத நான் திருப்பி வாங்கிக்கிடுதேன்க்கா. காலைப் பிடிச்சுக் கேக்கேன்.”

“காலைப் பிடிக்காத, வலிக்கும்.” சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. “ஒன் பின்னலை அவுத்துப் போடு. சடையா அது, பழங்கயிறு மாதிரி.”

சுகிர்தா போனில் முகம் காட்டி அழுதாள். “பெரியம்ம, எனக்காகச் சொல்லுங்க. ஒரு வார்த்தைதான.” அன்னக்கனி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மெலிஞ்சிட்டியே புள்ள. அவன் நல்லா வச்சிருக்கானா? அது போதும்” என்றாள். பெட்டி கேட்டது. வேண்டாம் என்றாள்.

வியாழக்கிழமை காலையில் அவளுக்கு நினைவு தப்பியது. கையிலிருந்த விசிறி தரையில் விழுந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். சட்டத்தில் இன்னொரு வரி இருந்தது. நோயாளிக்கு நினைவு இல்லாமல் போனால், ரத்தம் கொடுத்தவர் முடிவு சொல்லலாம். “அவங்க வேண்டாம்னு சொல்லிட்டே இருந்தாங்க. அது உங்களுக்குத் தெரியும். சட்டப்படி இப்ப உங்க வார்த்தைதான். என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். குரலில் அவசரம் இருந்தாலும் கடுமை இல்லை.

பெட்டி புஷ்பத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. “தங்கபுஷ்பம் அவர்களே, தாங்கள் ஏற்றுக்கொள்கிறீர்களா?”

அக்காவுக்குத் தெரிந்தால் மறுபடியும் பதினோரு வருசம் பேசாமல் இருக்கட்டும், ஆயுசு முழுக்கப் பேசாமல் இருக்கட்டும், தண்ணீர் பிடிக்க வருவாளே, அது போதும் என்று புஷ்பம் நினைத்தாள்.

“வைங்க” என்றாள்.

சல்லாத்துணிப் பை வந்தது. பெனிட்டா புண்ணின்மேல் அதைப் பரப்பி, சுற்றிக் கட்டினாள். புஷ்பம் கால்மாட்டில் நின்று பார்த்தாள். துணிக்குள் மெல்ல ஓர் அசைவு. அவளுடைய ரத்தம் அக்காவின் காலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு காய்ச்சல் லேசாக இறங்கியது. பெனிட்டாவின் முகத்தில் வெளிச்சம். வியாகுலம்மாள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாள். மூன்று மணி இருக்கும், அன்னக்கனி கண்ணைத் திறந்தாள்.

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். பிறகு உதடு அசைந்தது.

“காலுல என்னமோ ஓடுதே.”

புஷ்பம் போர்வையை இழுத்துக் காலை மூடினாள்.

“ஏட்டி. குறுகுறுங்குது. வச்சிட்டியா?”

“யக்கா...”

அன்னக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. கோபமாகத் திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று புஷ்பம் காத்திருந்தாள். அக்கா அவள் கையைத் தேடிப் பிடித்தாள்.

“ஒரு ஈயக்கூட அண்ட விடாமப் பாத்துக்கிட்டேன்ட்டி. ரெண்டு மாசம். துணியச் சுத்தி, வேப்பெண்ணெய் தடவி, உறங்காம விசிறிக்கிட்டே கெடந்தேன். நீ சொன்னது பலிச்சிரக் கூடாதுன்னு.”

“அக்கா, என்னக்கா சொல்லுத?”

“நான் புழுத்துச் செத்தா நாளைக்குத் தெருவுல என்ன பேசுவாளுவ? தங்கச்சி வாக்குத்தான் அக்காளத் தின்னுச்சும்பாளுவ. ஒம் மூஞ்சிக்கு நேர சொல்லுவாளுவ. நீ தாங்குவியா? நீ சாப்பிடாம கெடந்தே செத்துப்போவ. எனக்கு ஒன்னத் தெரியாதா?” மூச்சு வாங்கியது. “புழு இல்லாம வெறும் காலோட போயிட்டா, அவ சொன்னா என்ன, பலிக்கலியேன்னு விட்டுருவாளுவன்னு பாத்தேன். நீ என்னடான்னா ஒன் ரத்தத்தையே குடுத்து வளத்துக் கொண்டாந்து வச்சிருக்க. பைத்தியக்காரி.”

புஷ்பம் கட்டிலின் விளிம்பில் நெற்றியை வைத்து மோதினாள். அக்கா அந்தத் தலையைக் கையால் தடுத்துக்கொண்டாள்.

“நல்லா ஆயிருவக்கா. காய்ச்சல் எறங்கிட்டு. சிஸ்டர் சொல்லுதாவ.”

“ஆவேன், ஆவேன்.” சமாதானம் சொல்கிற குரல். “ஆகாமப் போனா ஒண்ணு செய்யணும். இங்க கால்ல வச்சத ஊருல யாருகிட்டயும் சொல்லாத. முத்துன்னும் சொல்லாத. ஒண்ணும் வைக்கலன்னு சொல்லு.”

“எப்படிக்கா சொல்லுவேன்?”

“வாயாலதான். அன்னைக்குச் சொன்னேல்லா, அதே வாயால.” இதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் குத்தல் இல்லை. “எனக்காகச் சொல்லுட்டி. ஒனக்காக இல்ல. எந் தங்கச்சி வாக்கு பலிக்கலன்னு நாலு பேரு சொல்லணும். நான் அதுக்குத்தான ஒத்தக்கால்ல நின்னேன்.”

புஷ்பம் சரி என்றாள். சரி என்று சொல்லாமல் அந்தக் கையை விட முடியவில்லை.

அன்று சாயங்காலமே மூச்சு மாறியது. கிருமி ஏற்கெனவே ரத்தத்தில் ஏறி உள்ளுறுப்புகளைப் பிடித்துவிட்டிருந்தது. காலில் இருந்ததைத்தான் முத்தால் தின்ன முடியும். சனிக்கிழமை விடிந்து, சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வருகிற நேரத்தில் அன்னக்கனி போய்விட்டாள். வியாகுலம்மாள் கட்டிலை விட்டு ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வந்து அவள் வாயை மூடிவிட்டாள்.

பெனிட்டா கட்டைப் பிரித்தாள். முத்துகளைப் பொறுக்கி மூடியுள்ள குப்பியில் போட்டாள். குண்டு குண்டாக வளர்ந்திருந்தன. பிறகு உப்புத் தண்ணீர் விட்டுப் புண்ணைக் கழுவினாள். கழுவியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கறுப்பு ஒரு பொட்டு இல்லை. சீழ் இல்லை. பிறந்த பிள்ளையின் உள்ளங்கால் போலச் சிவந்து, ஓரத்தில் புதுத்தோல் விளிம்பு கட்டியிருந்தது.

“ஒரு நாள் முந்தி வச்சிருந்தா...” என்று ஆரம்பித்தவள், புஷ்பத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, “நீங்க குடுத்தது ஒரு பொட்டு நல்ல சதையைக்கூடத் தொடலக்கா” என்றாள். புதுத்துணி எடுத்துப் புண்ணைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

உடலைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. சுகிர்தா விமானம் ஏறிவிட்டாள், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள். குளிப்பாட்டப் பெண்கள் கூடினார்கள். பெரியவள் என்று தெருவில் எல்லாரும் கட்டுப்படுகிற சொர்ணத்தாய் மதினி முன்னால் நின்றாள். அன்று வாசலில் மண் விழுந்தபோது எதிர்வீட்டில் நின்று கேட்டவள். எல்லாருடைய கண்ணும் அந்தக் காலில் சுற்றியிருந்த ஆஸ்பத்திரித் துணிமேல்தான் இருந்தது.

“கட்டோட அனுப்பக் கூடாதுல்லா” என்றாள் ஒருத்தி, யாரிடம் என்றில்லாமல்.

“நானே அவுக்கேன்” என்றாள் புஷ்பம்.

உட்கார்ந்தாள். அக்காவின் காலை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். பெண்கள் கூட்டம் நெருங்கி வந்தது. சிலர் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். கடைசிச் சுற்றும் வந்தது.

யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நாற்றமில்லை. சுத்தமான, சிவந்த புண் ஒன்று. சொர்ணத்தாய் மதினி குனிந்து கண்ணை இடுக்கிப் பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தொட்டும் பார்த்தாள்.

“முத்துகித்து வச்சாவளா?”

புஷ்பம் தண்ணீர் மோந்தாள். அந்தக் காலில் ஊற்றினாள். பாதத்து வெடிப்புகளில் இன்னும் உப்பு வெளுப்பு இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

“இல்ல மதினி. ஒண்ணும் வைக்கல.”

கூட்டத்தில் ஒரு மூச்சு விடுகிற சத்தம். யாரோ ஒருத்தி விசும்பினாள். குளிப்பாட்டி, புதுச்சேலை கட்டி, குங்குமம் வைத்து, கூடத்தில் கிடத்தினார்கள். அதற்குப் பிறகு பெண்கள் புஷ்பத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள், பதினோரு வருசமாக அவளிடம் அளந்து அளந்து பேசியவர்கள்கூட. ஒருத்தி அவள் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். ஒருத்தி முதுகைத் தடவினாள்.

சொர்ணத்தாய் மதினி ஒரு தம்ளரில் கருப்பட்டிக் காபியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

“அன்னைக்கு நீ சொன்ன சொல்லு இந்த நெஞ்சுலயே கெடந்துச்சுட்டி. அவ கால் இழுத்து நடக்குறப்பல்லாம் பக் பக்குன்னு இருக்கும். எங் கண்ணால பாத்துட்டேன் இப்ப. பச்சப் புள்ள கால் மாதிரி இருக்கு. ஒன் மேல ஒரு பாவமும் இல்ல. ஒன் வாக்கு பலிக்கல, கேட்டியா? குடி, ஆறிரும்.”

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

புஷ்பம் வாயைத் திறந்தாள். என் ரத்தம்தான், என் கைதான், என் வாய்தான் என்று இவர்கள் முன்னால் கத்திவிட வேண்டும், யாராவது ஒருத்தி மண்ணை வாரித் தன்மேல் போட வேண்டும் என்று இருந்தது. கூடத்தில் அக்கா நீட்டிப் படுத்திருந்தாள். இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“ஆமா மதினி” என்றாள். “பலிக்கல.”

காபியைக் குடித்தாள். சூடாக இருந்தது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.